பார்ட் டைம் நர்சிங் பிஎச்டி: ஆறு வருஷம் பண்ணி முடிச்சவளோட ரிவியூ

போன வாரம் மட்டும் மூணு பேர் ஃபோன் பண்ணிட்டாங்க, எல்லாம் எம்எஸ்சி நர்சிங் முடிச்ச ஜூனியர் பசங்க, கேள்வி ஒண்ணுதான், அக்கா பிஎச்டி சேரலாமா, போடுற காசுக்கும் வருஷத்துக்கும் தகுமா. ஒரு மிக்சி வாங்கவே நாலு வீட்ல விசாரிச்சுட்டு வாங்குற ஆளுங்க நாம, இதுக்கு விசாரிக்கிறது ரொம்ப நல்ல விஷயம், ஆனா ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு மணி நேரம் பேசியும் பாதி விட்டுப் போயிடுது. அதான் உக்காந்து முழுசா எழுதிடலாம்னு.

முதல்லயே மார்க் போட்டுடறேன். படிப்புக்கு 5க்கு 4. அதை நடத்துற விதத்துக்கு 2. முடிச்சப்புறம் நம்மள என்ன பண்ண விடுறாங்கங்கறதுக்கு ஒண்ணரை. இந்த மூணாவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம், அதைப் பின்னாடி சொல்றேன். காலேஜ் பேரு, கைடு பேரு, ஆஸ்பத்திரி பேரு எதுவும் எழுத மாட்டேன், தயவுசெஞ்சு கேக்காதீங்க.

நான் நீடாமங்கலம் பக்கம். பிஎஸ்சி முடிச்சுட்டு ஏழு வருஷம் சர்ஜிக்கல் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், அப்புறம் எம்எஸ்சி மெடிக்கல் சர்ஜிக்கல், அப்புறம் டீச்சிங். வார்டுல இருந்தப்ப வருஷா வருஷம் ஒண்ணு பார்ப்பேன். சம்பா நடவு ஓடி, ஐப்பசி மழை புடிச்சுக்கிட்டதும் சுகர் கால் கேஸா வர ஆரம்பிக்கும், அதுல நிறைய நடவுக்குப் போற பொம்பளைங்க. சேத்துப்புண்ணுதானேன்னு மருதாணி அரைச்சு வெச்சுட்டு இருந்திருப்பாங்க, வரும்போது விரல் கறுத்துப் போயிருக்கும், நாத்தம் வார்டு வாசல்லயே அடிக்கும். ஒரு அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. நாலாம் நாள் டிரெஸ்ஸிங் பண்ணிட்டு இருக்கேன், அவங்க என் முகத்தையே பார்த்துட்டு இருந்துட்டு கேட்டாங்க, "தாயி, பங்குனிக்குள்ள ஆறிடும்ல, உளுந்து புடுங்கப் போவணும்"னு. எனக்கு கை ஓடல. அவங்களோட டிஸ்சார்ஜ் சீட்டுல கால் பராமரிப்புன்னு போட்டு ஒரே ஒரு வரி, எப்பவும் செருப்பு போட்டு நடக்கவும். சேத்துக்குள்ள செருப்பு எப்படிப் போடுவாங்க, அப்ப இந்த ஆளுங்களுக்கு யாரு என்ன சொல்லிக் குடுக்கறது, இந்தக் கேள்விதான் என்னை பிஎச்டில கொண்டு போய் விட்டுச்சு. வேற எந்த ஆசையும் அப்ப இல்ல.

சரி, படிப்புக்கு வருவோம். முதல்ல பேர்ல இருக்கற குழப்பத்தைத் தீர்த்துக்கணும், ஏன்னா ஃபோன் பண்ண மூணு பேர்ல ரெண்டு பேருக்கு இது குழப்பமாத்தான் இருந்துச்சு. "அட்வான்ஸ்டு நர்சிங் பிராக்டிஸ்ல டாக்டரேட்"னு விளம்பரம் பார்த்துட்டு நம்ம பிஎச்டியும் அதுதான்னு நெனச்சுட்டு இருக்காங்க. இல்லவே இல்ல. அது டிஎன்பி, டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ், அமெரிக்காவுல இருக்கறது. அங்க 1965லயே கொலராடோல லொரெட்டா ஃபோர்டுன்னு ஒரு நர்சும் ஹென்றி சில்வர்னு ஒரு குழந்தை டாக்டரும் சேர்ந்து நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை ஆரம்பிச்சுட்டாங்க, நோயாளியப் பரிசோதிச்சு, முடிவெடுத்து, மருந்து எழுதற நர்ஸ். அந்த வேலைக்கு மாஸ்டர்ஸ் போதாது, டாக்டரேட் அளவுல படிப்பு வேணும்னு 2004ல அங்க இருக்கற நர்சிங் காலேஜ்கள் சங்கம் சொன்னதுக்கு அப்புறம்தான் டிஎன்பி பரவலாச்சு. அதுல பிஎஸ்சிக்கு மேல குறைஞ்சது 1000 மணி நேரம் நோயாளி பக்கத்துல நின்னு பிராக்டிஸ் பண்ணணும். கடைசில ஒரு பிராஜெக்ட், ஒரு வார்டுலயோ கிளினிக்லயோ ஒரு மாத்தத்தைக் கொண்டு வந்து காட்டணும். பிஎச்டி அப்படி இல்ல, புதுசா ஒரு அறிவைக் கண்டுபுடிச்சு சாட்சியோட எழுதற படிப்பு. ரெண்டும் டாக்டரேட்தான், ஆனா ஒண்ணு கைக்கு, ஒண்ணு கேள்விக்கு.

நம்ம நாட்டுல டிஎன்பி மாதிரி லைசென்ஸோட வர்ற டாக்டரேட் கிடையாது. கைவேலைய மேல கொண்டு போகணும்னா நம்மகிட்ட இருக்கறது நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர், ரெண்டு வருஷம் ரெசிடென்சி, ஐசியூலயே கெடந்து படிக்கணும். அப்புறம் மிட்வைஃபரில, அதாவது பிரசவம் பார்க்கறதுல, 18 மாசம். இதெல்லாம் டாக்டரேட் இல்ல, ஆனா பெட் பக்கத்துல நிக்கணும்னு ஆசைப்படற சிஸ்டர்ஸ் பிஎச்டிக்கு வர்றதுக்கு முன்னாடி இதைத்தான் பார்க்கணும். ஆன்லைன்ல ஒண்ணரை வருஷத்துல டிஎன்பின்னு ஏஜென்ட் யாராவது பேசினா, அட்வான்ஸ் கட்டாதீங்க ப்ளீஸ். நிஜமான டிஎன்பிக்கு அந்த நாட்டு ஆர்என், அதாவது பதிவு பெற்ற நர்ஸ் லைசென்ஸ் வேணும், பிராக்டிஸ் பண்ண இடம் வேணும், மேற்பார்வை பார்க்க ஆள் வேணும், தஞ்சாவூர்ல வீட்டு மாடில உக்காந்து லேப்டாப்ல 1000 மணி நேரம் நோயாளியப் பார்க்க முடியாது. எங்க பேட்ச் பொண்ணு ஒருத்தி நகைய வெச்சு கட்டிட்டு இன்னும் அழுதுட்டு இருக்கா.

இன்னொண்ணும் சொல்லணும். 1946லயே வேலூர்லயும் டெல்லிலயும் பிஎஸ்சி நர்சிங் ஆரம்பிச்ச நாடு இது. ஆனா நாடு முழுக்க நர்சுங்க பிஎச்டி பண்ண ஒரு பொதுவான வழின்னு வந்தது 2005-06 வாக்குல, இந்திய நர்சிங் கவுன்சிலும் பெங்களூரு ராஜீவ் காந்தி மருத்துவப் பல்கலைக்கழகமும் உலக சுகாதார நிறுவனத்தோட உதவில ஆரம்பிச்ச நேஷனல் கன்சார்ட்டியம். அறுபது வருஷ இடைவெளி. அதனாலதான் இன்னிக்கும் கைடு பஞ்சம், அடுத்து அதைத்தான் எழுதப் போறேன்.

கைடு கிடைக்கறதுதான் இந்தப் படிப்புலயே பெரிய தடை, என்ட்ரன்ஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். யுஜிசியோட 2022 விதிப்படி ஒரு புரொஃபசர் 8 பேரு, அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4, இதுக்கு மேல ஸ்காலர் எடுக்கக் கூடாது. நர்சிங்ல பிஎச்டி முடிச்சு கைடா அங்கீகாரம் வாங்கினவங்க நம்ம தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கம் விரல் விட்டு எண்ணிடலாம், அவங்ககிட்டயும் சீட் நிரம்பி இருக்கும். சென்னை இல்லன்னா பாண்டிச்சேரி பக்கம்தான் தேடணும். நான் ஒம்போது பேர்கிட்ட கேட்டேன். ஏழு பேர் சீட் இல்லன்னு நேர்மையா சொல்லிட்டாங்க, ஒருத்தர் பதிலே போடல, ஒன்பதாவது ஆள்தான் கிடைச்சாங்க. அவங்களும் ரெண்டு வருஷத்துல வேற மாநிலத்துக்கு வேலை மாறிப் போயிட்டாங்க, கைடு மாத்தற பேப்பருக்கு மட்டும் எனக்கு எட்டு மாசம் போச்சு, அந்த எட்டு மாசமும் ஃபீஸ் மட்டும் நிக்காம ஓடிட்டே இருந்துச்சு. இது என்னோட பெரிய குறை. கைடு போனா ஸ்காலர் என்ன பண்ணணும்னு சேரும்போதே எழுத்துல ஒரு வழி குடுக்கணும், யாரும் குடுக்கறதில்ல.

பார்ட் டைம்னா வேலை பாக்குற இடத்துல தடையில்லாச் சான்று வேணும், எல்லாரும் என்ஓசின்னுதான் சொல்லுவோம். நான் அப்ப வேலை பார்த்த இடத்துல என்ஓசி குடுத்தாங்க, ஆனா முடிச்சு மூணு வருஷம் வேற எங்கயும் போகக் கூடாதுன்னு ஒரு பத்திரம் எழுதி ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நான் குடுத்தது தப்பு. நீங்க குடுக்காதீங்க, ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, கேட்டா பல்கலைக்கழகத்துல வெரிஃபிகேஷனுக்குக் கேக்குறாங்கன்னு சொல்லுங்க, அது உண்மையும்கூட.

2018ல ரெஜிஸ்டர் பண்ணேன். அந்த வருஷம் நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல். ஆராய்ச்சிக்குன்னு நான் பேசி வெச்சிருந்த ஊர்ல பாதி வேதாரண்யம் பக்கம், தென்னை எல்லாம் வேரோட சாஞ்சு கெடக்கு, ஆளுங்க ஸ்கூல் கட்டடத்துல இருக்காங்க, அங்க போய் கேள்வித்தாள் நீட்ட எனக்கு மனசு வரல. அந்த ரெண்டு மாசம் நாங்க ஸ்டூடண்ட்ஸ கூட்டிட்டுப் போய் டிரெஸ்ஸிங், ஓஆர்எஸ் பொட்டலம், டிடி ஊசின்னு கேம்ப் வேலைதான் பார்த்தோம். ஆராய்ச்சி பண்ண வேண்டிய ஊரை மாத்தினேன், ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. அப்புறம் 2020. அதைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் நடந்ததுதான். இப்படி எல்லாம் சேர்ந்துதான் ஆறு வருஷம். அதனால சேர்றவங்க மூணு வருஷத்துல முடிச்சுடலாம்னு கணக்குப் போடாதீங்க. விதில குறைஞ்சது மூணு, அதிகபட்சம் ஆறுன்னு இருக்கும், பொம்பளைங்களுக்குக் கூடுதலா ரெண்டு வருஷ சலுகையும் 240 நாள் பிரசவ லீவும் 2022 விதில இருக்கு, அதை வெக்கப்படாம கேட்டு வாங்குங்க.

இப்ப 4 மார்க் போட்ட பகுதிக்கு வரேன். கோர்ஸ் ஒர்க்னு ரிசர்ச் மெதடாலஜி, புள்ளியியல், எதிக்ஸ் எல்லாம் படிக்கணும். எம்எஸ்சில படிச்சதுதான்னு அலட்சியமா போனேன், ஆனா அங்க மார்க்குக்குப் படிச்சது இங்க நம்ம சொந்தக் கேள்விக்குப் படிக்கும்போது வேற மாதிரி உள்ள இறங்குச்சு. தியரின்னாலே நர்சிங் ஸ்டூடண்ட்ஸ் ஓடுவாங்க, படம் ஒண்ணு வரைஞ்சு அம்புக்குறி போட்டுட்டா கன்செப்சுவல் ஃபிரேம்வொர்க், அதாவது ஆராய்ச்சிக்கான சிந்தனைச் சட்டகம், முடிஞ்சுதுன்னு நெனப்பாங்க. நானும் அப்படித்தான் முதல்ல ஓரெம்ங்கற நர்சிங் அறிஞரோட தியரிய வெச்சு ஒரு படம் வரைஞ்சேன், தன்னைத் தானே பார்த்துக்க முடியாத இடத்துல நர்ஸ் வந்து நிரப்பறதுன்னு. ரெண்டாவது கைடு அதைப் பார்த்துட்டு ஒரே கேள்வி கேட்டாங்க, "இந்தப் பொம்பளைங்களுக்கு கால பார்த்துக்கத் தெரியலயா, இல்ல பார்த்துக்க விடலயா?" அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. நோலா பெண்டர்னு இன்னொரு நர்சிங் அறிஞரோட மாடல்ல தடைகள்னு ஒரு பாகம் இருக்கு, ஒரு ஆளு ஒரு நல்ல பழக்கத்தைப் பண்ண எது குறுக்க நிக்குதுன்னு அவங்க கண்ணால பார்க்கறது. அதை எடுத்துக்கிட்டு வயலுக்குப் போனேன்.

போய் நின்னாத்தான் தெரியுது. நடவு செட்டுல பத்துப் பதினஞ்சு பேர் ஒரே வரிசைல குனிஞ்சு பின்னாடி நகர்ந்துட்டே நடறாங்க, ஒருத்தி நிமிர்ந்து கால பார்த்தா வரிசை அவள விட்டுட்டுப் போயிடும், விட்டுப் போன இடத்தைப் பக்கத்துல இருக்கறவ சேர்த்து நடணும், அதுக்கு அன்னிக்கு முழுக்க பேச்சு வாங்கணும். கால்ல என்னமோ குத்துதுன்னு தெரிஞ்சாக்கூட டீ வர்ற வரைக்கும் யாரும் ஏற மாட்டாங்க. சுகர்ல உணர்ச்சி போனவங்களுக்கு அந்தக் குத்தறதும் தெரியாது. இது எந்தப் புத்தகத்துலயும் இல்லாத தடை.

டூல் வேலிடேஷன்ல ஒரு பெரிய சண்டை. நாம தயாரிக்கிற கேள்வித்தாள நிபுணர்களுக்கு அனுப்புவோம், ஒவ்வொரு கேள்வியும் பொருத்தமா இல்லையான்னு மார்க் போடுவாங்க, எத்தனை பேர் பொருத்தம்னு சொன்னாங்கங்கறதுதான் கன்டென்ட் வேலிடிட்டி இண்டெக்ஸ். பெரிய ஊர்ல இருந்து ஒரு நிபுணர், "எல்லா நேரமும் செருப்பு அணிகிறீர்களா" கேள்வி கட்டாயம், சர்வதேச வழிகாட்டுதல் எல்லாத்துலயும் இருக்கு, எடுக்கக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. அவங்க சொல்றது தப்பில்ல, வெறுங்கால்ல நடக்காதேங்கறது சரியான அறிவுரைதான். ஆனா அந்தக் கேள்விய வெச்சா என் சாம்பிள்ல இருக்கற அத்தனை பேருக்கும் நடவு மாசத்துல சைபர், கேள்வி இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். நான் வரப்புல நின்னு ஒரு நிமிஷ வீடியோ எடுத்தேன், நடவு நடறது, டீக்கு ஏறும்போது வாய்க்கால்ல கால அலசறது, அலசின ஈரத்தோடயே மறுபடி சேத்துல இறங்கறது. டாக்டரல் கமிட்டில, அதாவது நம்ம ஆராய்ச்சிய மேற்பார்வை பார்க்கற குழுவுல, அதைப் போட்டுக் காட்டினேன். யாரும் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் ஒரு சர்ஜன் சார்தான் சொன்னாங்க, "செருப்பு வரப்பு வரைக்கும், அதுக்கப்புறம் கண்ணும் துணியும்." அந்தக் கேள்வி நாலு கேள்வியாச்சு. வரப்பு வரைக்கும் செருப்பு போட்டுப் போறீங்களா, இறங்கறதுக்கு முன்னாடி அடிப்பாதம் பார்த்தீங்களா, ஏறினதும் நல்ல தண்ணில கழுவினீங்களா, விரல் இடுக்க உலர்ந்த துணில தொடச்சீங்களா. ஆறு வருஷத்துல நான் பண்ணதுலயே எனக்கு மனசுக்கு நெறஞ்ச வேலை எதுன்னு கேட்டா அந்த நாலு கேள்விதான்.

எதிக்ஸ் கமிட்டி, அப்புறம் சிடிஆர்ஐ. நாம ஏதாவது சொல்லிக் குடுத்து அதோட பலன அளக்குற ஆராய்ச்சின்னா இந்திய கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டுல பதிவு பண்ணணும், ஐசிஎம்ஆர் நடத்தறது, காசு கிடையாது. 2018 ஏப்ரல்ல இருந்து முதல் ஆளைச் சேர்க்கறதுக்கு முன்னாடியே பதிவு முடிஞ்சிருக்கணும், பின்னாடி போய் பதிய முடியாது. எங்க செட்ல ஒருத்தங்க டேட்டா எடுத்துட்டு அப்புறம் பதியப் போய் நின்னுட்டாங்க, ஜாக்கிரதை.

டேட்டா கலெக்‌ஷன்தான் இந்தப் படிப்போட உயிர். 2021 சம்பால ஆரம்பிச்சேன். காலைல காலேஜ் போறதுக்கு முன்னாடி, இல்ல சனி ஞாயிறு, அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் சிஸ்டர் கூட வருவாங்க, அவங்க இல்லன்னா யாரும் என்கிட்ட கால நீட்டியிருக்க மாட்டாங்க. மோனோஃபிலமென்ட்னு ஒரு சின்ன கருவி, கைப்பிடில ஒரு நைலான் நரம்பு, பாதத்துல அழுத்தினா சரியா 10 கிராம் அழுத்தத்துல வளையும். கண்ண மூடிக்கச் சொல்லி ஒவ்வொரு இடமா ஒண்ணு ரெண்டு செகண்ட் தொடணும், ஆணி, காய்ச்சு போன தோல் மேல தொடக் கூடாது. ஒரு நரம்புல பத்து பேருக்கு மேல பார்த்தா அதோட வலு குறைஞ்சுடும், ஒரு நாள் ஓய்வு குடுக்கணும், அதனால நாலு வாங்கி வெச்சு மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போவேன்.

ஒரு ஆயா, அறுபது தாண்டியிருக்கும், களத்து மேட்டுல தூக்குவாளிய பக்கத்துல வெச்சுட்டு கால நீட்டினாங்க. தொடும்போது ம்னு சொல்லுங்க ஆயான்னேன். கட்டை விரல், சத்தமில்ல. மூணாவது விரல், இல்ல. தூங்கிட்டாங்களோன்னு முகத்தைப் பார்த்தா, கண்ண இறுக்கி மூடிட்டு, நான் எப்ப தொடுவேன்னு ரொம்ப கவனமா காத்துட்டு இருக்காங்க. பாதத்தைத் திருப்பினேன், விரலுக்குக் கீழ இருக்கற மேட்டுல அரிசி அகலத்துக்கு ஒரு வெள்ளை. நத்தை ஓடு. உடைஞ்ச துண்டு உள்ள ஏறி மேல தோல் மூட ஆரம்பிச்சிருந்துச்சு. "இது எப்ப ஏறுச்சு ஆயா?" "எது தாயி?"ன்னாங்க. அன்னிக்குக் காலைல இருந்து அதே காலோட நடவு. சுத்தம் பண்ணி மூடி, சிஸ்டரோட ஸ்கூட்டில பிஎச்சிக்கு, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, அனுப்பி டிடி போட்டு துண்ட எடுத்துட்டு வந்தாங்க. சாயங்காலம் அவங்க மருமகள கூப்பிட்டு வெச்சு, தினம் படுக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு அடிப்பாதம் பாருங்க, விரல் இடுக்குல எண்ணெய் வேணாம், மேலயும் அடிலயும் மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்க, கொதிக்கிற வெந்நீர்ல கால விடாதீங்க, முழங்கைய விட்டு சூடு பார்த்துட்டுத்தான்னு சொல்லிக் குடுத்தேன். மெட்டி இறுகிக் கெடந்துச்சு, அதையும் கழட்ட வெச்சேன், அதுக்கு மட்டும் அந்தப் பொண்ணு கொஞ்சம் யோசிச்சுது, ஆயா தானே கழட்டிக் குடுத்துட்டாங்க.

ஒரே செட்டுல நடறவங்க எல்லாம் பேசிப்பாங்கங்கறதால ஆள் ஆளா பிரிக்க முடியாது, ஊர் ஊராத்தான் பிரிச்சோம், சில ஊருக்குச் சொல்லிக் குடுக்கறது, சில ஊருக்கு வழக்கமான அட்வைஸ் மட்டும். ஆனா எங்க டெல்டால எந்த ஊர்ல பொண்ணு எடுக்கல, எந்த ஊருக்குப் பொண்ணு குடுக்கல. மூணாவது வாரமே ஒரு அக்கா வழி மறிச்சு கேட்டாங்க, "அங்க எங்க நாத்தனாருக்கு மட்டும் டார்ச் அடிச்சுப் பார்க்கச் சொன்னீங்களாமே, எங்க கால் காலு இல்லயா?" புத்தகத்துல இதுக்கு கன்டாமினேஷன்னு பேரு. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. இடைல சொல்லிக் குடுக்க முடியாதுன்னு எதிக்ஸ் கமிட்டில எழுதிக் குடுத்திருக்கோம், ஆனா ஆபத்தான கால் எந்த ஊர்ல பார்த்தாலும் உடனே அனுப்பிடணும்னும் எழுதியிருக்கோம், அதை அந்த அக்காகிட்ட சொன்னேன், அளந்து முடிச்ச மறுவாரமே உங்க ஊருக்கும் வரேன்னு சத்தியம் பண்ணேன். போனேன். பத்து நாள் லீவு போட்டு எல்லா ஊருக்கும் போய் முடிச்சேன், தீசிஸ்ல அதுக்கு ஒரே ஒரு வரிதான் இடம்.

செலவு பத்தி. எனக்கு வருஷ ஃபீஸ் தவிர போக்குவரத்துதான் அதிகம். மன்னை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி காலைல எழும்பூர்ல இறங்கி, வெயிட்டிங் ரூம்ல குளிச்சு, அங்கேர்ந்து லோக்கல் ட்ரெயின் புடிச்சு கிண்டி, ஒரு கையெழுத்துக்காக இப்படி எத்தனை தடவ போனேன்னு கணக்கே விட்டுப் போச்சு. புள்ளியியலுக்கு வெளில குடுத்தா ஆயிரக்கணக்குல கேப்பாங்க, சினாப்சிஸ்ல இருந்து வைவா வரைக்கும் முழு பேக்கேஜ்னு எழுதித் தர்ற ஆளுங்களும் இருக்காங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, நம்ம பேர்ல நம்ம எழுதாத ஒண்ணு, நாட்டு தீசிஸ் எல்லாம் ஆன்லைன்ல சேர்த்து வெக்கிற ஷோத்கங்கால காலத்துக்கும் கெடக்கும். புள்ளியியலுக்கு ஜமோவின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, மேற்கோள் நூல் பட்டியல் போடற ஸொடேரோவும் இலவசம், ரெண்டையும் பதினஞ்சு நாள்ல கத்துக்கலாம். யுஜிசி விதிப்படி நம்ம எழுத்து மத்தவங்க எழுத்தோட ஒத்துப் போறது 10 சதவீதத்துக்குள்ள இருந்தா பிரச்சினை இல்ல, அதுக்கு மேல 40 வரைக்கும்னா திருத்தி மறுபடி குடுக்கணும். நாமே எழுதினா அந்த பயமே வராது.

தஞ்சாவூர்ல நான் தீசிஸ் பைண்டிங் குடுத்த கடைய மட்டும் மனசார பாராட்டணும். அந்த அண்ணன் படிச்சது எட்டாவதுதான்னு அவரே சொன்னார். அஞ்சு காப்பியையும் பக்கம் பக்கமா கட்டைவிரல்ல தள்ளிட்டே வந்து, ஒரு இடத்துல நிறுத்தி, "டீச்சரம்மா, இந்த டேபிள் தலைகீழா திரும்பியிருக்கு, இப்படியே தெச்சா மேடம் படிக்க புக்க சுத்திச் சுத்திப் புடிக்கணும்"னு எடுத்துக் காட்டினார். மூணு பேர் பார்த்து ஓகே சொன்ன பிரிண்ட் அது. மறுபடி பிரிண்டுக்குக் காசு வாங்கல, தங்க எழுத்து அச்சையும் பக்கத்துல நின்னு சூடு பார்த்துப் பார்த்து போட்டுக் குடுத்தார்.

வைவா 2024ல. வெளியில இருந்து வந்த எக்ஸாமினர் நல்லா கேட்டாங்க, இருபது நிமிஷம் அந்த நாலு கேள்விய பத்தியேதான். எங்க அத்தை, என் மாமியார், கடைசி வரிசைல உக்காந்து முழுசும் கேட்டாங்க. ஆறு வருஷமும் என் பொண்ணுக்குத் தலை வாரி ஸ்கூல் அனுப்பினது அவங்கதான். இங்கிலீஷ்ல பேசினது புரியலன்னாலும் அந்த வயல் வீடியோ போட்டதும், இது நம்ம பக்கம்ல, அப்படின்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொல்லிட்டாங்களாம்.

இப்ப அந்த ஒண்ணரை மார்க். முடிச்சு சர்டிபிகேட்ட எடுத்துட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன், வாரம் ஒரு நாள் சுகர் ஓபில ஒரு ஓரமா உக்காந்து கால் பார்க்கறேன், சம்பளம் வேணாம், ஒரு ஸ்டூலும் ஒரு ரிஜிஸ்டரும் போதும்னு கேட்டேன். "நீங்க டீச்சிங் சைடு மேடம், பிஎச்டி முடிச்சுட்டீங்க, பிரின்சிபல் போஸ்ட்டுக்குப் போங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இதுதான் நம்ம நிலைமை. நோயாளிகிட்ட இருந்து கிளம்பின கேள்விக்கு ஆறு வருஷம் செலவழிச்சு பதில் தேடிட்டு வந்தா, அந்த நோயாளிகிட்ட திரும்பிப் போகறதுக்கு ஒரு பதவி இல்ல. சம்பளம் ஏறும், பேருக்கு முன்னாடி டாக்டர் வரும், காலேஜ் இன்ஸ்பெக்‌ஷன்ல உங்க பேர முதல்ல எழுதுவாங்க, வார்டுல உங்களுக்கு நாற்காலி கிடையாது. 1947 நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலா 2023ல தேசிய நர்சிங் மிட்வைஃபரி கமிஷன் சட்டம் வந்திருக்கு. புது அமைப்பு முழுசா வேலை செய்யும்போது பிஎச்டி முடிச்ச நர்சுக்கு ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு கிளினிக்கல் பதவிய உருவாக்கணும், இதை நான் போற மீட்டிங் எல்லாத்துலயும் கேட்டுட்டு இருக்கேன், நீங்களும் கேளுங்க.

இப்போதைக்கு நான் பண்றது, சனிக்கிழமைல மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா சுகர் மாத்திரை குடுக்கற தன்னார்வலர் பொண்ணுங்களுக்கு, எந்தக் கருவியும் இல்லாம ஆள்காட்டி விரலால கால் விரல் நுனி தொட்டு உணர்ச்சி பார்க்கறதுக்குச் சொல்லிக் குடுக்கறேன். இப்ஸ்விச் டச் டெஸ்ட்னு பேரு. ரெண்டு கால்லயும் முதல், மூணாவது, அஞ்சாவது விரல், ஆறு இடம், மெல்லத் தொடணும், அழுத்தக் கூடாது, ரெண்டு இடத்துலயோ அதுக்கு மேலயோ தெரியலன்னா பிஎச்சிக்கு அனுப்பணும். பத்து நிமிஷத்துல கத்துக்கறாங்க.

அப்ப யாரு சேரலாம்? வார்டுலயோ ஊர்லயோ பார்த்த ஒரு விஷயம் அஞ்சாறு வருஷமா மனசுல உறுத்திட்டே இருந்தா சேருங்க, தைரியமா சேருங்க, இந்தப் படிப்பு அதுக்கு நியாயம் பண்ணும். இன்க்ரிமெண்டுக்காக சேர்றதும் தப்பில்ல, எல்லாருக்கும் குடும்பம் இருக்கு, ஆனா தலைப்ப கைடு குடுக்கட்டும்னு மட்டும் விட்டுடாதீங்க, அந்தத் தலைப்போட நீங்கதான் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தணும். ஐசியூல கை வேலை கத்துக்கணும்னா மேல சொன்ன ரெசிடென்சிக்குப் போங்க. வெளிநாடு போறதுதான் பிளான்னா முதல்ல அந்த ஊர் லைசென்ஸ் பரிட்சை, டாக்டரேட் அப்புறம்.

கைடு தேடப் போறவங்களுக்கு ஒண்ணு. மெசேஜ்ல கேக்காதீங்க, நேர்ல போங்க, திங்கக்கிழமையும் இன்ஸ்பெக்‌ஷன் மாசமும் வேணாம், மத்தியானம் மூணு மணிக்கு மேல போங்க. கைல ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போங்க, எங்க பார்த்தீங்க, என்ன பார்த்தீங்க, இதுக்கு முன்னாடி யாரு என்ன எழுதியிருக்காங்க, எது மிச்சம் இருக்கு. கைடுகிட்ட ஏற்கனவே படிக்கிற ஸ்காலர் யாராவது காரிடார்ல இருப்பாங்க, அவங்களோட ஒரு டீ குடிச்சுட்டு, மேடம் உங்க சாப்டர எத்தனை நாள்ல திருப்பிக் குடுப்பாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க.